அளவும் அமானிதமும்



நாம் ஆலிம் அல்லர். மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், கல்லாவில் உட்கார்ந்து கற்றதுமே நமது கைமுதல். ஆயினும் தராசு பிடிப்பவனுக்கு அளவைப் பற்றிப் பேச ஓரளவு உரிமையுண்டு என்ற எண்ணத்தில் இதை எழுதத் துணிந்தோம்.

வியாபாரிக்குப் பிரயாணம் புதிதன்று. சரக்கெடுக்கப் போகிறோம், உறவினரைக் காணப் போகிறோம், அல்லாஹ் நாடினால் உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிறோம். போகுமிடமெல்லாம் நமக்குரிய ரிஜ்கு நமக்கு முன்னே போய்க் காத்திருக்கிறது. ஆனால் அது தட்டில் வந்து இறங்கும்போது ஊருக்கு ஊர் அதன் அளவு மாறுகிறது. ஓர் ஊரில் ஒரு தட்டுச் சோறு ஒருவர் பசிக்குக் காணாது. வேறோர் ஊரில் அதே பெயரில் வரும் தட்டு மூன்று பேர் உண்டும் மிஞ்சும். ஊர் திரும்பியவர்கள் இதைக் கதைகதையாகச் சொல்வார்கள். அங்கே கொள்ளையடிக்கிறான் என்பார் ஒருவர். அங்கே அள்ளிக் கொட்டுகிறான் என்பார் மற்றொருவர். நாமும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

சற்று நின்று யோசித்தால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல. உண்பவன் எவ்வளவு கேட்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. விற்பவன் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. முதலாவது வீண்விரயத்தைப் பற்றியது. இரண்டாவது அளவு மோசடியைப் பற்றியது. இரண்டுக்கும் நாளை மறுமையில் கணக்கு உண்டு. நம்மில் பலர் வெளியூரில் உண்பவர்களாகவும் உள்ளூரில் விற்பவர்களாகவும் இருக்கிறோம். ஆகையால் இரண்டு கணக்கும் நம் ஏட்டில்தான் எழுதப்படுகின்றன.

முதலில் நாட்டுக்கு நாடு உள்ள வழக்கத்தைப் பார்ப்போம்.

தாய்த் தமிழகத்தில் அளவுச் சாப்பாடு என்றும் முழுச் சாப்பாடு என்றும் பலகையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அளவுச் சாப்பாடு என்றால் வைத்ததோடு சரி. முழுச் சாப்பாடு என்றால் போதும் என்று இலையை மூடும்வரை சோறு வரும். பலகை பேசிவிடுவதால் அங்கே சண்டைக்கு இடமில்லை. அதே தமிழகத்துத் தேநீர்க் கடையில் குவளை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இங்கே நம் கடைகளில் தே தாரிக் குடித்துப் பழகியவருக்கு அது ஒரு மிடறாகத் தோன்றும். அவர்களோ அந்தச் சிறு குவளையை ஒரு நாளில் பல தடவை குடிப்பவர்கள். நம் கோப்பையைப் பார்த்தால் இதென்ன செம்பா என்று கேட்பார்கள்.

இலங்கையில் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தால், கேட்காமலே ரோல்ஸ், பட்டீஸ், வடை என்று ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைப்பது பழைய வழக்கம். விவரம் தெரியாத பிரயாணி, இவ்வளவையும் தன் தலையில் கட்டுகிறார்களே என்று பதறுவார். உண்மையில் எத்தனை எடுத்துத் தின்றாரோ அத்தனைக்குத்தான் காசு. இந்தோனேசியாவின் பாடாங் சாப்பாட்டுக் கடைகளிலும் இவ்வாறே பத்துப் பதினைந்து சிறு தட்டுகளை மேசையில் பரப்புவார்கள். தொட்டதற்குக் கணக்கு, தொடாததற்குக் கணக்கில்லை. கொரியா நாட்டில் சோற்றுடன் வரும் தொடுகறிகள் கேட்கக் கேட்க வரும். பொதுவாக அதற்குத் தனிக் காசு கிடையாது. ஜப்பானில் பல கடைகளில் சோறு சிறியதா, சாதாரணமா, பெரியதா என்று கேட்டே வைப்பார்கள்.

மக்காவிலும் மதீனாவிலும் மந்தி, கப்ஸா விற்கும் கடைகளில் கோழி முழுசு, அரை, கால் என்று கணக்கு. அத்துடன் சோறு குவிந்து வரும். அங்கே தட்டு என்பது ஒருவருக்கு என்று பிறந்ததல்ல. சுற்றி உட்கார்ந்து உண்பவர்களுக்கென்று பிறந்தது. நம் காயல்பட்டினத்து, கீழக்கரைப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சஹனைச் சுற்றி உட்கார்ந்து பழகியவர்கள் அவர்கள். இலங்கை முஸ்லிம்களின் சஹனும் அத்தகையதே.

மேல்நாட்டுச் சங்கதியையும் சொல்லிவிடுவோம். 2003ஆம் ஆண்டில் பால் ரோஸின் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலும் பிரான்சின் பாரிஸ் நகரிலும் ஒரே மாதிரியான உணவுக் கடைகளைத் தேர்ந்து, பரிமாறப்பட்டதை நிறுத்துப் பார்த்தார்கள். பாரிஸில் ஒரு பங்கு சராசரியாக 277 கிராம். பிலடெல்பியாவில் 346 கிராம். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதல். பாரிஸ்காரர் குறைவாக உண்டாலும் உட்கார்ந்து உண்ணும் நேரம் அதிகம் என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? வியாபாரிகளாகிய நமக்கு இது சுலபமாக விளங்க வேண்டும். கடை வாடகையும் ஆள் சம்பளமும் உயர்ந்து, அரிசியும் மாவும் எண்ணெயும் மலிந்திருக்கும் நாட்டில், தட்டில் இன்னொரு கரண்டி வைக்க ஆகும் செலவு சொற்பம். அந்தச் சொற்பச் செலவைக் காட்டி விலையைச் சற்று ஏற்றலாம். நிறையக் கொடுக்கிறான் என்ற பெயரும் கிடைக்கும். ஆகவே அங்கே தட்டு பெருக்கிறது. பண்டம் விலை அதிகமாகவும் கூலி குறைவாகவும் உள்ள இடத்தில் தட்டு சிறுத்து, பரிமாறும் கைகள் அதிகமாகும். சேர்ந்து உண்ணும் வழக்கமுள்ள சமூகத்தில் தட்டு பலருக்காக வரும். தனித்தனியே உண்ணும் சமூகத்தில் ஒருவருக்காக வரும். இவற்றில் ஒன்றைப் புண்ணியம் என்றும் மற்றொன்றைப் பாவம் என்றும் சொல்லிவிட முடியாது.

அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பது நம் மார்க்கத்தின் ஆரம்ப காலத்திலேயே தெரிந்த விஷயம். நிறுவைக்கு மக்காவாசிகளின் எடையையும், முகத்தலுக்கு மதீனாவாசிகளின் அளவையும் ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக அபூதாவூதில் ஹதீஸ் உள்ளது. மக்கா வியாபாரிகளின் ஊர். அங்கே தராசு முக்கியம். மதீனா பேரீச்சந் தோட்டங்களின் ஊர். அங்கே மரக்கால் முக்கியம். எந்த ஊரார் எதில் தேர்ந்தவர்களோ அதில் அவர்களுடைய அளவு ஆதாரமாக வைக்கப்பட்டது.

ஃபித்ராவுக்கு நாம் அளக்கும் ஸாவு என்ற அளவையே எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு ஸாவு நான்கு முத்து. ஒரு முத்து என்பது நடுத்தரமான ஒரு மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இந்த ஸாவு ஈராக்கில் எட்டு ராத்தலாகவும் மதீனாவில் ஐந்தே மூன்றில் ஒரு ராத்தலாகவும் கொள்ளப்பட்டது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் மதீனாவுக்குச் சென்றபோது இதைப் பற்றி விசாரித்தார்கள். மறுநாள் முஹாஜிர், அன்சாரிகளின் மக்களான முதியவர்கள் ஐம்பது பேர் வரையில் தத்தம் வீட்டிலிருந்த ஸாவைப் போர்வைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். எங்கள் தகப்பனார் வழி வந்தது இது என்றார்கள். அளந்து பார்த்தபோது எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தன. இமாம் அவர்கள் மதீனாவின் அளவை ஏற்றுக் கொண்டார்கள். ஹனஃபி மத்ஹபில் எட்டு ராத்தல் என்ற கருத்தும் இன்றுவரை இருந்து வருகிறது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, அளவு வேறுபடுவது குற்றமல்ல. மேன்மக்களின் ஊர்களிலேயே வேறுபட்டிருக்கிறது. இரண்டு, வெளியூர் போனால் கேட்டறிய வேண்டும்; கேட்டவருக்கு உள்ளூரார் மறைக்காமல் எடுத்துக் காட்ட வேண்டும். அவ்வளவு பெரிய இமாம் அவர்கள் கேட்கக் கூச்சப்படவில்லை. அந்த முதியவர்களும் வந்தவர் யாரோ என்று அலட்சியம் செய்யவில்லை. கேட்பது பிரயாணியின் கடமை. காட்டுவது கடைக்காரனின் கடமை. நாம் சொல்ல வந்த விஷயத்தின் சாரம் இதுதான்.

முதலில் பிரயாணியின் கடமை. தெரியாத ஊரில் உட்கார்ந்தவுடன் நாலு விதமாகச் சொல்லிவிடாதீர்கள். இந்தத் தட்டு எத்தனை பேருக்குக் காணும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒன்றை முதலில் வாங்கிப் பார்த்து, போதாவிட்டால் இன்னொன்று சொல்லுங்கள். பசித்த கண்ணுக்கு எல்லாமே சிறியதாகத் தெரியும். வயிற்றின் மூன்றில் ஒரு பாகம் உணவுக்கு, ஒரு பாகம் தண்ணீருக்கு, ஒரு பாகம் மூச்சுக்கு என்ற நபிவழியை நாம் ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஊர்விட்டு ஊர் போனதும் அது மறந்துவிடுகிறது. காசு கொடுத்திருக்கிறோமே என்று நான்காவது பாகத்தைத் தேடுகிறோம்.

பெரிய தட்டு வந்துவிட்டால் பகிர்ந்து கொள்ளுங்கள். ஒருவருக்கென்று வைத்த உணவு இருவர் பசிக்கும் ஈடுகொடுக்கும் என்ற பொருளில் ஹதீஸ் உண்டு. சாப்பிட்டும் வயிறு நிறையவில்லை என்று முறையிட்ட தோழர்களைத் தனித்தனியே உண்ணாமல் சேர்ந்து உண்ணுமாறும், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்குமாறும் நபிகளார் (ஸல்) ஏவியதாகவும் வந்திருக்கிறது. பரக்கத் உணவின் நடுவில் இறங்குவது. அதைக் கிராம் கணக்கில் நிறுத்துவிட முடியாது. மிஞ்சியதைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்ல வெட்கப்படாதீர்கள். பிரான்சில் 2021ஆம் ஆண்டு ஜூலை முதல், வாடிக்கைக்காரர் கேட்டால் மிச்சத்தை எடுத்துப் போகப் பாத்திரம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. சீனாவில், விருந்தில் மிஞ்சினால்தான் அழைத்தவருக்குக் கௌரவம் என்பது பழைய எண்ணம். அங்கேயும் 2021ஆம் ஆண்டில் உணவு விரயத்துக்கு எதிராகத் தனிச் சட்டம் செய்தார்கள். அளவுக்கு மிஞ்சிச் சொல்லும்படி வாடிக்கைக்காரரைத் தூண்டும் கடைக்கு அபராதம் உண்டு.

சட்டம் போடும் அளவுக்கு விரயம் பெருகியிருக்கிறது. 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. அதில் 28 சதவீதம் உணவுக் கடைகளும் விடுதிகளும் போன்ற பரிமாறும் இடங்களில் போனது. 60 சதவீதம் வீடுகளில் போனது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க இதில் வழியில்லை. உண்ணுவதற்கும் பருகுவதற்கும் அனுமதி தந்த இறைவன், அதே வசனத்தில் வரம்பு மீறுவதை விலக்கியிருப்பதை அஃராஃப் சூராவில் ஓதுகிறோம். அனுமதியை உரக்க ஓதி விலக்கலை மெல்ல ஓதுவது முறையல்ல.

இன்னொன்றும் உண்டு. வெளியூர்த் தட்டைப் பார்த்து ஏளனம் பேசாதீர்கள். நபிகளார் (ஸல்) எந்த உணவையும் குறை சொன்னதில்லை. விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். இத்தனூண்டு சோற்றுக்கு இவ்வளவு விலையா என்று பரிமாறுகிற பையனிடம் கத்துவதில் என்ன பயன்? அந்த விலையை வைத்தது அவன் அல்ல.

இனி கடைக்காரரின் கடமைக்கு வருவோம். இதைச் சொல்லும்போது நம் மனம் கொஞ்சம் கனக்கிறது. ஏனெனில் இது நமக்கு நாமே சொல்லிக் கொள்வது.

அளவில் மோசம் செய்பவர்களுக்குக் கேடு என்று தொடங்கும் முதஃப்பிஃபீன் சூராவை நாம் சிறு வயதிலேயே மனனம் செய்தோம். பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைய வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றியது அது. நபிகளார் (ஸல்) மதீனா வந்தபோது அங்குள்ளோர் அளவையில் மிகவும் மோசமாக இருந்தார்கள் என்றும், இந்த சூரா இறங்கிய பின் திருந்தினார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். சற்று முன்பு சொன்னோமே, முகத்தலுக்கு ஆதாரமாகிய மதீனா, அந்த ஊர்தான் இது! திருந்திய கை உலகத்துக்கே அளவுகோலாயிற்று. நம் கடைத்தெருவும் அவ்வாறு ஆகலாம், ஆக வேண்டும்.

நாசி கண்டார் கடையில் தராசு இல்லை. காவடித் தண்டைத் தோளில் சுமந்து பினாங்கில் சோறு விற்ற நம் முன்னோர் காலம் தொட்டு, அகப்பைதான் அளவு, கண்தான் கணக்கு. அந்த முறையில் தப்பில்லை. அந்தக் கண் ஆளுக்கு ஆள் மாறும்போதுதான் தப்பு வருகிறது. தெரிந்த முகத்துக்கு ஒரு குழி அகப்பை. பெட்டி தூக்கி வந்த பிரயாணிக்குத் தட்டை அகப்பை. பழக்கமானவருக்கு ஒரு விலை. நம் நாட்டு நோட்டை விரித்துப் பார்த்து முழிப்பவருக்கு வேறு விலை. இதைச் சாமர்த்தியம் என்று சொல்வோரும் உண்டு. வேண்டியவருக்குக் கூடுதலாக ஒரு துண்டு வைப்பது அன்பு. அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் தெரியாதவருக்கு உரிய அளவில் ஒரு கரண்டி குறைப்பது களவு. ஜகாத் பெறுவோரின் வரிசையிலேயே வழிப்போக்கனுக்கு ஓர் இடம் கொடுத்த மார்க்கம் நம்முடையது. அவனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வதா?

சரக்கு விலை ஏறும்போது மற்றொரு சோதனை வருகிறது. கோழி விலை ஏறுகிறது, எண்ணெய் ஏறுகிறது, ஆள் கிடைப்பதில்லை. பலகையில் விலையை ஏற்றினால் வாடிக்கைக்காரர் முகம் சுளிப்பார். ஆதலால் விலையை அப்படியே வைத்துவிட்டு, கோழித் துண்டைச் சிறிதாக்கி, ரொட்டி சானாய் உருண்டையை மெலிய வைத்துவிடலாம் என்று ஷைத்தான் காதில் ஓதுகிறான். யாருக்கும் தெரியாது என்கிறான். சகோதரர்களே, குறைப்பது ஹராம் அல்ல. மறைத்துக் குறைப்பதுதான் ஹராமின் வாசல். தானியக் குவியலின் மேலே காய்ந்ததும் உள்ளே நனைந்ததும் வைத்திருந்த வியாபாரியிடம், நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபிகளார் (ஸல்) கேட்ட சம்பவம் நாம் அறிந்ததே. அந்தத் தானியத்தை விற்காதே என்று சொல்லவில்லை. தெரியும்படி விற்கச் சொன்னார்கள். விலையை ஏற்ற வேண்டுமானால் ஏற்றி எழுதுங்கள். அளவைக் குறைக்க வேண்டுமானால் சிறியது என்று எழுதுங்கள். எழுதியதைப் பார்த்து வாங்குபவர் மனம் ஒப்பி வாங்குகிறார். ஹலாலான காசு அந்த ஒப்புதலோடுதான் கல்லாவுக்கு வருகிறது.

அதிகமாகக் கொடுப்பதும் எப்போதும் தருமம் ஆகாது. கேட்காமலே மலைபோலக் குவித்து, பாதி குப்பைத் தொட்டிக்குப் போனால், அந்தச் சோற்றுக்கும் சேர்த்துத்தான் விலை வாங்கியிருக்கிறோம். சோறு கொஞ்சமா நிறையவா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். முதியவர்களும் பிள்ளைகளும் பாதிச் சோறு கேட்டால் முகம் கோணாமல் கொடுத்து, விலையிலும் நியாயமாகக் குறைக்க வேண்டும். மேலும் வேண்டியவருக்கு மறுசோறு வைக்கலாம். கரண்டியில் ஒரே அளவை வைத்துக்கொண்டு எல்லாப் பையன்களையும் அதிலேயே பழக்குங்கள். முதலாளி கல்லாவில் இருந்தாலும் பள்ளிக்குப் போயிருந்தாலும் கரண்டி மாறக்கூடாது.

கடைசியாக, யாரும் அதிகம் பேசாத ஒரு தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நம் கடையில் வேலை செய்பவர்களின் தட்டு. கடல் கடந்து வந்து அடுப்பின் முன் நிற்கும் பிள்ளைகள் அவர்கள். வாடிக்கைக்காரருக்குப் பத்து வகைக் கறி பரிமாறிய கை, மூன்று மணிக்கு என்ன சாப்பிடுகிறது? அடிச்சட்டியா, ஆறிப்போன குழம்பா? உணவைச் சமைத்துக் கொண்டுவந்த ஊழியரைக் கூட உட்கார வைத்து உண்ணச் செய்ய வேண்டும், அதற்கு வழியில்லாவிட்டால் ஒரிரு கவளமாவது கொடுக்க வேண்டும், அதன் சூட்டையும் சிரமத்தையும் தாங்கியவர் அவரே என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் வந்திருக்கிறது. நாம் மதீனாவில் மந்தித் தட்டைச் சுற்றி உட்கார்ந்ததை வந்து வர்ணிக்கிறோம். நம் கடையில் ஒரு நாளாவது நம் பையன்களோடு ஒரே சஹனில் உட்கார்ந்தோமா? நாடு நாடாகப் போய்த் தட்டின் அளவைப் பார்த்து வந்தவர்கள், நம் சமையற்கட்டிலுள்ள தட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அதில் குறை இருந்தால் நம் வியாபாரத்தில் பரக்கத் எப்படித் தங்கும்?

சகோதரர்களே, தராசைத் தாழ்த்தாதீர்கள் என்பது ரஹ்மான் சூராவில் வானத்தை உயர்த்தியதற்கு அடுத்தபடியாகச் சொல்லப்பட்ட கட்டளை. வானத்துக்கும் நம் அகப்பைக்கும் ஒரே எஜமானன். நாம் அளக்கும்போது அவன் பார்க்கிறான். நாம் மிச்சம் வைக்கும்போதும் பார்க்கிறான்.

யா அல்லாஹ்! எங்களுக்கு நீ தந்த ரிஜ்கில் பரக்கத்தைத் தருவாயாக. பிரயாணத்தில் எங்களைப் பேராசையிலிருந்தும் கடையில் எங்களை மோசடியிலிருந்தும் காப்பாயாக. எங்கள் பசியையும் எங்கள் அளவையும் நேராக்குவாயாக. எங்களோடு உழைப்பவர்களின் வயிற்றையும் மனத்தையும் நிறைப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.